எதனால் என்று கேட்டவர்

அவர் எங்கள் ரத்த வங்கிக்குள் நுழையும்போது கதவின் இரும்புச் சட்டத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொடுவார். சாமி கும்பிடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது தொழில் பழக்கம். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். அங்கே மருந்து இருக்கிற அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பதித்திருக்கும் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக. இருபது வருடம் அப்படித் தொட்டுத் தொட்டு நுழைந்தவருக்கு எந்த வாசலைக் கண்டாலும் கை தானாக நீண்டுவிடும்.

செருப்பையும் வெளியே விட்டுவிடுவார். கழற்ற வேண்டாம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார். சட்டை எப்போதும் பருத்திதான். நகக்கண்களில் அலுமினியத் தூளின் வெள்ளி நிறம் ஏறியிருக்கும். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சால் நான் மூன்று நான்கு தடவை துடைப்பேன்.

"விடுங்க சிஸ்டர். அது போகாது. சோறு திங்கிறதே அதோடதான்" என்பார்.

நான் சிஸ்டர் இல்லை, லேப் டெக்னீசியன். விருதுநகரில் அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் அப்போது எனக்கு நான்காவது வருடம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாருமே அவருக்கு சிஸ்டர்தான். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

அவருடைய ரத்தம் ஓ நெகடிவ். எங்கள் பக்கத்தில் அந்த வகை கிடைப்பது அபூர்வம். அவசரத்துக்குக் கூப்பிட்டால் வருகிறவர்கள் பட்டியல் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அதில் இவருடைய பெயருக்கு எதிரே கம்பெனி கேட் வாட்ச்மேனின் நம்பரைத்தான் எழுதி வைத்திருந்தேன். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாட்ச்மேன் போய்ச் சொல்லி, அவர் கையில் இருக்கிற வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்து, குளித்து, சிவகாசி வந்து பஸ் மாறி வருவதற்குள் மத்தியானம் சாயங்காலமாகிவிடும். கம்பெனி வேன் விருதுநகர் பக்கம் வந்தால் அதில் வருவார். பைக்கில் வந்து நான் பார்த்ததில்லை. ஓட்டத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை வந்தபோது கட்டிலில் படுக்கச் சொன்னேன். படுக்கவில்லை.

"யாருக்கு சிஸ்டர்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது அண்ணாச்சி."

"பேரு வேணாம், ஊரு வேணாம். எதனால ரத்தம் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பிரசவ வார்டுக்கு. ஒன்பதாம் மாசம், ரத்தப்போக்கு."

"ரத்தம் போகுதுங்கிறது நடக்கிறது. அது எதனாலங்கிறது வேற. நான் கேக்கிறது ரெண்டாவதை."

கொடுக்க வந்துவிட்டு ஊசியைப் பார்த்ததும் ஏதாவது பேசி நேரம் கடத்துகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படித்தான் என்று நினைத்தேன். அவர் வாயை அடைப்பதற்காகவே பிரசவ வார்டுக்கு போன் போட்டேன். அங்கே இருந்த பெண் டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு வார்த்தை அதிகம் பேசினால் எரிந்து விழுகிறவர்.

"யாரு கேக்கிறா?"

"டோனர் மேடம்."

"டோனருக்கு எதுக்கு?"

"சொன்னாத்தான் படுப்பேங்கிறாரு."

திட்டு வரப்போகிறது என்று ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். ஆனால் டாக்டர் சொன்னார். "நஞ்சுக்கொடி பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னாலேயே கர்ப்பப்பைச் சுவத்தில இருந்து பிரிஞ்சிருச்சு. பி.பி. ஏறிப்போய் வந்திருக்கா. வயிறு பலகை மாதிரி இருக்கு. போதுமான்னு கேளு."

அப்படியே சொன்னேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "வெளிய எம்புட்டு போயிருக்காம்?"

"வெளியே கொஞ்சம்தான். மிச்சம் உள்ளேயே தேங்கி நிக்குது. முதல்ல அவரைப் படுக்கச் சொல்லு!" என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

படுத்தார். பையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோது கூரையைப் பார்த்தபடியே பேசினார். "வெளிய கொஞ்சமா வந்தா, கொஞ்சமாத்தான் போயிருக்குன்னு நினைச்சிருவாக. என்ன சிஸ்டர்?"

"ஆமா."

"வலி இருக்குமா?"

"இருக்கும் அண்ணாச்சி. விட்டு விட்டு வர்ற பிரசவ வலி மாதிரி இல்ல, விடாம வலிக்கும்."

"வலி இருக்கும்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். எங்கோ குறித்து வைப்பது போல இருந்தது.

அந்தப் பெண் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. இதை அடுத்த முறை நானாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. எத்தனையோ முறை வந்திருக்கிறார்; அவள் பிழைத்தாளா, குழந்தை எப்படி என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அது எனக்கு நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது. எதனால் என்று அவ்வளவு விடாப்பிடியாகக் கேட்கிற மனிதருக்கு, என்ன ஆனது என்று கேட்கத் தோன்றாதா?

ஒருநாள் காப்பியும் பிஸ்கட்டும் கொடுத்து உட்கார வைத்திருந்தபோது கேட்டேவிட்டேன். அவர் கம்பெனியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"எங்க தொழில்ல சின்னதா ஒரு புகை வந்தாலும் அதிகாரிக வந்துருவாக. உராய்வா, வெயிலா, மருந்து கூடிப்போச்சா, ஷெட்டுல இருக்கவேண்டியதுக்கு மேல ஆளு இருந்தாகளா, ஒண்ணு விடாமக் கேப்பாக. ஏதோ ஒண்ணை எழுதாமப் போக மாட்டாக. போன உசுரு வராது, அது நம்ம கையில இல்ல. எதனாலன்னு எழுதினாத்தான் அடுத்த ஷெட்டுல அது நடக்காது."

அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வருகிற நாட்களில் வார்டுக்கு முன்கூட்டியே போன் போட்டுக் காரணத்தைக் கேட்டு வைத்துவிடுவேன். டாக்டரும் பழகிவிட்டார். "உங்க போர்மேன் வந்துட்டாரா?" என்று அவரே ஆரம்பிப்பார்.

ரத்தம் கொடுக்க மட்டுமல்ல, ஆட்களைக் கூட்டிக்கொண்டும் வருவார். அவருடைய கம்பெனியில் பேக்கிங் பிரிவு முழுக்கப் பெண்கள். கர்ப்பமாக இருக்கிற பெண் லீவில் வீட்டில் இருந்தாலும், ரத்தம் பட்டது என்று அவர் காதுக்கு வந்துவிட்டால் போதும், கம்பெனி வேனைக் கிளப்பிவிடுவார். ஒருமுறை அப்படி ஏழாம் மாதப் பெண் ஒருத்தியையும் அவள் புருஷனையும் ஏற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நஞ்சுக்கொடி சரியான இடத்தில் இருந்தது, குழந்தையும் நன்றாக இருந்தது. கர்ப்பப்பை வாயில் சின்னப் புண், பயப்பட ஒன்றுமில்லை என்று வராந்தாவுக்கு வந்து சொன்னார்.

இவர் விடுவாரா? "சரி டாக்டர். ஆனா நேத்து வராம இன்னைக்கு ஏன் ரத்தம் வந்துச்சு?"

டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் புருஷனைப் பார்த்தார். "அதை இவர் சொல்லுவார்."

புருஷன் மின்விசிறியைப் பார்த்தான். போர்மேனுக்குப் புரியவில்லை. "ஏலே, என்னலே செஞ்ச? டாக்டர் கேக்காகள்ல, சொல்லுலே" என்று அவனை உலுக்கினார். டாக்டர் உள்ளே போய்விட்டார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து இவர் வந்து வாசலில் நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

"நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது சிஸ்டர்."

"எல்லாத்துக்கும் காரணம் கேட்டா இப்படித்தான் அண்ணாச்சி."

அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

இன்னொரு முறை மாதம் நிறைந்த பெண் ஒருத்திக்குச் சளி மாதிரி கொஞ்சம் ரத்தம் கலந்து பட்டதற்கு, வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்து இறங்கினார். "இது பிரசவம் ஆரம்பிக்கிற அடையாளம். இதுக்கு ஊரே வரணுமா?" என்று டாக்டர் சத்தம் போட்டார். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். போகும்போது டாக்டர் அவரைக் கூப்பிட்டு, "கூட்டிட்டு வந்தது தப்பில்லை. எது சாதாரணம், எது ஆபத்துன்னு வீட்டில வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த தடவையும் கூட்டிட்டு வாங்க. ஊரை மட்டும் விட்டுட்டு வாங்க" என்றார்.

அவர் மனைவியைப் பற்றி எனக்குத் தெரியவந்தது ஒரு குழந்தையின் சாவால்.

அன்று காலை ஓ நெகடிவ் தாய் ஒருத்திக்குப் பனிக்குடம் உடைந்ததும் ரத்தம் வந்தது. வார்டிலிருந்து ரத்தம் கேட்டார்கள். நான் வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். இவர் வந்து கொடுத்தும் முடித்துவிட்டார். ஆனால் அதற்குள் விஷயம் முடிந்திருந்தது. தாய்க்கு ஒன்றுமில்லை. தொப்புள்கொடியின் ரத்தக் குழாய்கள் பனிக்குடத்தின் சவ்வுமேல், கர்ப்பப்பை வாய்க்கு நேராக ஓடியிருந்திருக்கின்றன. பனிக்குடம் உடைந்தபோது அவையும் கிழிந்துவிட்டன. வந்த ரத்தம் தாயுடையது அல்ல, குழந்தையுடையது.

"பிள்ளையோட ரத்தமா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. ரொம்ப அபூர்வமா நடக்கிறது."

"பிள்ளை உடம்புல எம்புட்டு ரத்தம் இருக்கும் சிஸ்டர்?"

"பிறக்கிற குழந்தைக்குக் கால் லிட்டர் இருக்கும்."

கையில் இருந்த காப்பித் தம்ளரைப் பார்த்தார். குடிக்காமல் கீழே வைத்தார். அப்புறம் நான் கேட்காமலே சொன்னார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கம்பெனியில் எந்த ஷெட்டில் எத்தனை பேர் என்று சொல்வது போலச் சொன்னார்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. முதல் குழந்தை பெண், ஆபரேஷனில் பிறந்து மூன்று வயதாகியிருந்தது. இரண்டாவதை வயிற்றில் சுமந்துகொண்டு மனைவி திருத்தங்கலில் தாய் வீட்டில் இருந்தாள். எட்டாம் மாதம். புரட்டாசியில் எம். புதுப்பட்டி அம்மன் கோயில் பொங்கல் வந்தது. பார்க்க ஆசைப்பட்டாள். இவர் பைக்கில் போய்க் கூட்டிவந்து, பொங்கல் பார்க்க வைத்து, சாயங்காலமே திரும்பக் கொண்டுபோய் விட்டார். வழியில் ரோடு போட ஜல்லி கொட்டியிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு ரத்தம் பட்டிருக்கிறது. காலையில் நின்றுவிட்டது. சூடு என்று விட்டுவிட்டார்கள், இவருக்குச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கொட்டியது. சிவகாசி ஆஸ்பத்திரிக்கு இவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இவரும் கூடவே போனார். அங்கேதான் முதன்முதலாகத் தன் ரத்தம் என்ன வகை என்று இவருக்குத் தெரிந்தது. எடுத்தார்கள். அதை ஏற்றுவதற்குள் அவள் போய்விட்டாள். குழந்தையும் போய்விட்டது.

"எழவு வீட்டுல ஊரே கூடி நிக்கையில எங்க அத்தை சொன்னாக. பைக்குல வச்சு உலுக்கி எம் மகளைக் கொன்னுட்டான்னு. நான் ஒண்ணும் பேசல. எனக்கும் அப்படித்தான தோணுச்சு. அந்த மாசமே வண்டியைக் குடுத்துட்டேன். அப்புறம் தொடல."

"பொண்ணு?"

"அத்தை வீட்டுலதான் இருக்கு. மாசம் ஒருக்கா போவேன். வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துருவேன். உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டாக. அதுவும் பக்கத்துல வராது. அப்பா பைக்குலதான் அம்மா செத்தான்னு சொல்லித்தான வளர்த்திருக்காக."

"அப்ப யாரும் உங்ககிட்ட எதனாலன்னு சொல்லலையா?"

"கேட்டேன் சிஸ்டர். ரத்தம் போயிருச்சுன்னாக. அது எனக்கே தெரியும்ல? பட்டாசு வெடிச்சுச் செத்திருந்தா அதிகாரி வந்து எதனாலன்னு எழுதியிருப்பாரு. இதுக்கு யாரு எழுதுவா?"

நான்தான் அவரை டாக்டரிடம் அனுப்பினேன். அடுத்த லீவு நாளில் வந்தார். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட வரச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"வலி இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். சோறு தின்னுட்டு எந்திரிச்சிருக்கா, சேலை நனைஞ்சிருந்துச்சாம். ஆம்புலன்ஸ்லயும் வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. மயக்கமா வருதுன்னுதான் சொன்னா."

"என்ன நிறம்?"

"நல்ல செவப்பு."

"வயிறு கல்லு மாதிரி இருந்துச்சா?"

"நான் கை வச்சே உக்காந்திருந்தேன். மெத்துன்னுதான் இருந்துச்சு."

"பிள்ளை அசைஞ்சுச்சா?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அசைஞ்சுச்சு டாக்டர்."

"நஞ்சுக்கொடி பிரிஞ்சிருந்தா வலி இருந்திருக்கும், வயிறு இறுகியிருக்கும். பழைய ஆபரேஷன் தையல் விட்டிருந்தா அவங்க துடிச்சிருப்பாங்க. நீங்க சொல்றதைப் பார்த்தா எனக்கு ஒண்ணு தோணுது. ஆனா நான் பார்க்காத பேஷண்ட், சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஸ்கேன் தாள் ஏதாவது இருக்கா?"

இருந்தது. எட்டு வருடமாக பீரோவில் அவளுடைய சேலைகளுக்கு அடியில் இருந்ததை மறுநாள் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். ஐந்தாம் மாதம் எடுத்தது. டாக்டர் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதைப் படிச்சீங்களா?"

"இங்கிலீஷ்ல இருக்கு டாக்டர்."

"நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மூடியிருக்குன்னு போட்டிருக்கு. கடைசி மூணு மாசத்தில திரும்ப ஒரு ஸ்கேன் எடுக்கணும்னும் போட்டிருக்கு. வாயால சொன்னாங்களா?"

"திரும்ப எடுக்கணும்னு மட்டும் சொன்னாக." தலை குனிந்திருந்தது. "சீசன் டாக்டர். தீபாவளி லோடு ஏத்துற நேரம். முடியட்டும், கூட்டிட்டுப் போறேன்னேன்."

டாக்டர் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். நஞ்சுக்கொடி மேலே ஒட்ட வேண்டியது. சிலருக்குக் கீழே ஒட்டிவிடும். ஐந்தாம் மாதத்தில் பல பேருக்குக் கீழே இருப்பது போலத் தெரியும். வயிறு வளர வளர மேலே போய்விடும். சிலருக்குப் போகாது. முன்னால் ஆபரேஷன் ஆனவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். கடைசி மாதங்களில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது அங்கே ஒட்டியிருப்பது விலகும். வலியில்லாமல் ரத்தம் வரும். முதல் தடவை பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

"அதுதான் இதில மோசமானது. நின்னுருச்சுன்னு நம்பிடுவாங்க" என்றார் டாக்டர்.

"அப்ப பைக் இல்லையா?"

"தெரிஞ்சிருந்தா பைக்ல போக வேணாம்னு நாங்களும் சொல்லியிருப்போம். ஆனா நஞ்சுக்கொடி அங்கே போய் ஒட்டினதுக்கும் உங்க பைக்குக்கும் சம்பந்தமில்லை. அவங்க கட்டில்லயே படுத்திருந்தாலும் ரத்தம் வந்திருக்கும். அன்னைக்கு இல்லைன்னா இன்னொரு நாள்."

"அப்ப இந்தத் தாளு."

"தாள் மட்டும் இல்லை. முதல்ல பட்டதுக்கும் ரெண்டாவது வந்ததுக்கும் நடுவுல அஞ்சு நாள் இருந்திருக்கு. முதல் தடவையே வந்திருந்தா படுக்க வச்சு, ரத்தம் தயாரா வச்சுக்கிட்டு, ஆபரேஷன் பண்ணி எடுத்திருக்கலாம்."

அவர் தாளை மடித்தார். இதை எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பார்க்காத நோயாளிக்குச் சான்றிதழ் தர முடியாது, யாராவது வந்து கேட்டால் வாயால் சொல்கிறேன் என்றார் டாக்டர். வெளியே வராந்தாவில் அவர் வெகுநேரம் நின்றார். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அது இல்லை. எட்டு வருடமாகச் சுமந்த தப்பு தன்னுடையதில்லை என்று ஆன அதே மணி நேரத்தில், தன்னுடைய தப்பு ஒன்று வேறு இடத்தில் இருந்து கிடைத்திருந்தது.

"எங்க அத்தை இங்கன வர மாட்டாக சிஸ்டர்" என்றார். "நீங்க ஒரு தடவை அங்கன வந்து சொல்ல முடியுமா? நான் சொன்னா நம்ப மாட்டாக."

அது என் வேலை இல்லை என்று இரண்டு வாரம் தட்டிக்கழித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். விருதுநகர் வந்து காத்திருந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் என் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒரு நிபந்தனை போட்டார்.

"நஞ்சு கீழ இருந்ததைச் சொல்லுங்க. ஸ்கேன் எடுக்காம விட்டதை நான் சொல்லிக்கிறேன். முதல் தடவை பட்டு நின்னுச்சுல்ல, அந்த அஞ்சு நாளைப் பத்தி மட்டும் நீங்க வாயத் திறக்காதீக."

"அதுதான அண்ணாச்சி முக்கியம்? டாக்டரே சொன்னாங்கள்ல?"

"முக்கியந்தான்" என்றார். கண்டக்டரைக் கூப்பிட்டு இரண்டு டிக்கெட் வாங்கினார்.

திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸுக்குப் பின்னால் இருந்தது வீடு. மிஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாகவே கேட்டது. அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து காலண்டர் அட்டைகளில் தேதிக்கட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். பதினொரு வயதுப் பெண் ஒட்டியதை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "அம்மாச்சி, புதுப்பட்டிக்காரக வந்திருக்காக" என்றாள். அப்பா என்று சொல்லவில்லை. அவர் வழக்கம்போல வாசலிலேயே நின்றார். நிலையில் தகடு கிடையாது. ஆனாலும் கை அதைத் தொட்டுவிட்டு இறங்கியது.

நான் யார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்காரி என்பதால் அந்த அம்மாள் பாய் விரித்து என்னை உட்காரச் சொன்னார். வேறு வழியில்லாமல் அவரையும். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பசை காய்ந்துவிடக் கூடாது என்பது போல அந்த அம்மாளின் கை நிற்காமல் ஒட்டிக்கொண்டே இருந்தது.

"அப்ப பைக்கால இல்லங்கிறீக."

"இல்லம்மா. அது முன்னாலேயே அங்கன ஒட்டியிருந்தது."

"அதை முன்னாலேயே தெரிஞ்சுக்க முடியாதா?"

நான் பதில் சொல்வதற்குள் போர்மேன் பேசினார். "தெரிஞ்சிருக்கும் அத்தே. அஞ்சாம் மாசத் தாளுலயே போட்டிருந்துச்சு. திரும்ப ஒருக்கா எடுக்கச் சொன்னாக. சீசன்னு நான்தான் கூட்டிட்டுப் போகல. அது எம் மேல உள்ள தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த அம்மாளின் கை நின்றது. அந்தப் பெண் அடுக்குவதை விட்டுவிட்டு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, இந்த நோக்காட்டுல முதல்ல கொஞ்சமா பட்டு நிக்குமா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிலருக்கு நிக்கும்" என்றேன்.

"அவளுக்கு நின்னுச்சு." பசை ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்தார். "எனக்குத் தெரியும். சூடுதாண்டீ, பொங்கப் பார்க்க வெயில்ல நின்னேல்ல, அதான்னேன். அவருக்குப் போன் போடவான்னு கேட்டா. சீசன்ல இருப்பாரு, எதுக்கு அவரை வேற இழுத்துக்கிட்டுன்னேன். இளநி வெட்டிக் குடுத்தேன். நான்தான் குடுத்தேன்."

"இளநி நல்லதுதான அத்தே" என்றார் அவர்.

அந்த ஐந்து நாளைப் பற்றி டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. செம்பில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

அந்த அம்மாள் அழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அங்கேதான் சாப்பிட்டோம். பருப்பும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். அந்தப் பெண் பரிமாறினாள். அவர் இலைக்கு வரும்போது மட்டும் இன்னொரு கரண்டி சேர்த்து வைத்தாள். போதும் என்று அவர் சொல்லவே இல்லை. வைத்ததை எல்லாம் சாப்பிட்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் எழுந்தேன். அந்த அம்மாள் மறுபடியும் அட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஏட்டி, உங்கப்பாவ பஸ் ஏத்திவிட்டுட்டு வா."

தெருவில் முன்னால் அவர் நடந்தார். நடுவில் நான். நாலடி பின்னால் அவள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமையானதால் கடைகள் பாதி அடைத்திருந்தன. ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் நின்றோம். கேட் திறந்ததும் பைக்குகளும் ஆட்டோக்களும் இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்தன. நான் ஒதுங்கி நின்று வழிவிட்டேன். அவள் என்னைத் தாண்டி அவர் பக்கமாகப் போனாள்.

தண்டவாளத்தைத் தாண்டும்போது கடைசியாக நடந்துகொண்டிருந்தது நான்தான்.